சொல்லாமல் சொன்ன நாடகக்காரர்: டெரன்ஸ் ராட்டிகன்

டெரன்ஸ் ராட்டிகன் 1930களின் நடுவிலிருந்து இருபது ஆண்டுகள் லண்டன் நாடக மேடையைத் தன் கையில் வைத்திருந்தவர். அவருடைய இரண்டு நாடகங்கள் தலா ஆயிரம் காட்சிகளைத் தாண்டின. பல நாடகங்கள் திரைப்படங்களாயின. ஆனாலும் ஷேக்ஸ்பியரையும் பெர்னார்ட் ஷாவையும் ஆஸ்கர் வைல்டையும் அறிந்த தமிழ் வாசகர்களில் மிகச் சிலருக்கே இவர் பெயர் தெரியும். அவர் தன்பாலீர்ப்பு கொண்டவர். ஆணும் ஆணும் கொள்ளும் உறவு அவருக்கு 56 வயதாகும்வரை இங்கிலாந்தில் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அதைப் பற்றி மேடையில் பேசுவதற்கும் தணிக்கை தடை விதித்திருந்தது. தன் வாழ்வின் மையமான உண்மையைத் தன் கலையில் நேராகச் சொல்ல முடியாத ஒருவர், அந்த உண்மையின் வலியை வேறு மனிதர்களின் கதைகளாக எழுதினார். அவமானப்பட்டு நிற்கும் ஒருவர், அவரைத் துரத்தும் கூட்டம், கூட்டத்தை மீறி அவர் பக்கம் வந்து நிற்கும் ஓரிருவர்: இந்த மூன்றும் அவருடைய சிறந்த நாடகங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன.

குடும்பமும் கல்வியும்

ராட்டிகன் 1911 ஜூன் மாதம் லண்டனில் பிறந்தார். குடும்பத்துக்கு இந்தியத் தொடர்பு உண்டு. தாத்தா சர் வில்லியம் ஹென்றி ராட்டிகன் டெல்லியில் பிறந்து லாகூரில் பெயர்பெற்ற வழக்கறிஞராக இருந்தவர். பஞ்சாபின் வழக்காற்றுச் சட்டங்களைத் தொகுத்து நூலாக்கியவர். பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றியவர். தந்தை ஃபிராங்க் ராட்டிகன் தூதரக அதிகாரி. வெளியுறவு அமைச்சர் கர்சன் பிரபுவோடு ஏற்பட்ட மோதலில் அவருடைய பதவி 1920களின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. மனைவியைத் தவிர வேறு பெண்களோடும் தந்தைக்குத் தொடர்பு இருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசுவதில்லை. மேலே மரியாதை குலையாமல் உள்ளே குமைந்துகொண்டிருக்கும் குடும்பங்களைப் பின்னாளில் ராட்டிகன் நுட்பமாக எழுதியதற்கு இந்த வீடே முதல் பாடம்.

ஹாரோ பள்ளியில் படித்தபோது அவர் நல்ல மட்டையாளர். ஈட்டன் பள்ளிக்கு எதிராக லார்ட்ஸ் மைதானத்தில் ஆடும் வாய்ப்பும் கிடைத்தது. ஆனால் மனம் முழுக்க நாடகத்தில் இருந்தது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டு டிரினிட்டி கல்லூரியில் வரலாறு படிக்கச் சேர்ந்தார். 1932இல் அங்குள்ள மாணவர் நாடக மன்றத்துக்காக இளம் நடிகர் ஜான் கீல்குட் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தை இயக்கினார். ஜூலியட்டாக நடித்தவர் பெக்கி ஆஷ்கிராஃப்ட். ராட்டிகனுக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு வரி வசனம். சோகக் காட்சியில் அந்த வரியை அவர் எப்படிச் சொன்னாலும் அவையில் சிரிப்பு எழுந்தது. நடிப்பு தனக்கு வராது என்று அவர் அன்றே முடிவு கட்டினார். அந்த மேடையில் சந்தித்த கீல்குட்டும் ஆஷ்கிராஃப்டும் இருபது ஆண்டுகள் கழித்து அவருடைய வாழ்வின் இரு முக்கியத் தருணங்களில் மீண்டும் வருகிறார்கள்.

மாணவராக இருந்தபோதே நண்பர் ஃபிலிப் ஹைமனுடன் சேர்ந்து அவர் எழுதிய 'ஃபர்ஸ்ட் எபிசோட்' 1933இல் மேடையேறியது. அதை நம்பி பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு வந்தார். நாடகம் பணம் தரவில்லை. தந்தை இரண்டு ஆண்டுகளுக்கு மாதப்படி தருவதாகவும், அதற்குள் எழுத்தில் நிலைபெறாவிட்டால் வேறு வேலைக்குப் போக வேண்டும் என்றும் ஒப்பந்தம் செய்தார். கெடு முடிந்தும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரத்தில், 1936 நவம்பரில், வேறு நாடகம் தோற்றுப்போனதால் காலியான ஓர் அரங்கை நிரப்ப அவருடைய 'ஃபிரெஞ்ச் வித்தவுட் டியர்ஸ்' என்ற நகைச்சுவை நாடகம் குறைந்த செலவில் அரங்கேறியது. அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்சிகள் ஓடியது. 25 வயதில் ராட்டிகன் ஊரறிந்த எழுத்தாளரானார்.

சட்டம், தணிக்கை, ஊர்வாய்

ராட்டிகன் எழுத வந்த இங்கிலாந்தில் இரண்டு சட்டங்கள் அவர் வாழ்வின் இரு பக்கங்களையும் கட்டிப்போட்டிருந்தன. ஒன்று 1885இல் வந்த குற்றவியல் சட்டத் திருத்தம். ஆண்களுக்கு இடையிலான எந்தப் பாலியல் செயலையும், தனியறையில் நடந்தாலும்கூட, இரண்டு ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரியதாக அது ஆக்கியது. ஆஸ்கர் வைல்ட் 1895இல் சிறைக்குப் போனது இந்தச் சட்டத்தின் கீழ்தான். மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு இது பெரிய ஆயுதமாக இருந்தது; பழைய கடிதம் ஒன்று போதும், ஒருவரின் வேலையும் குடும்பமும் பெயரும் போய்விடும்.

மற்றொன்று நாடகத் தணிக்கை. 1843ஆம் ஆண்டின் நாடக அரங்குகள் சட்டப்படி, பொது மேடையில் நடக்கும் ஒவ்வொரு புது நாடகத்தின் பிரதியையும் அரண்மனை அதிகாரியான சேம்பர்லின் பிரபுவின் அலுவலகம் படித்து உரிமம் தர வேண்டும். தன்பாலீர்ப்பு மேடைக்கு ஆகாத பொருள் என்பது அந்த அலுவலகத்தின் நிலை. அப்படிப்பட்ட நாடகங்களை உறுப்பினர் மட்டும் பார்க்கக்கூடிய கிளப் அரங்குகளில்தான் போட முடியும். ஆர்தர் மில்லர், டென்னஸி வில்லியம்ஸ் போன்ற அமெரிக்கர்களின் புகழ்பெற்ற நாடகங்கள்கூட 1956க்கும் 1958க்கும் இடையில் லண்டனில் அந்தக் குறுக்குவழியாகவே மேடையேறின.

ஆகவே ராட்டிகன் தன் வாழ்க்கையை அறைகளாகப் பிரித்துக்கொண்டார். ஊருக்கு அவர் நேர்த்தியாக உடுத்தும், கோல்ஃப் ஆடும், விருந்துகளில் எல்லோரையும் கவரும் திருமணமாகாத கனவான். தன் காதலர்களோடு ஒரே வீட்டில் வெளிப்படையாக வாழவில்லை. அவருடைய தாய்க்கு இது கடைசிவரை தெரியக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார். நாடக உலகில் இருந்த நெருங்கிய நண்பர்கள் அறிவார்கள். அதற்கு வெளியே வதந்தி மட்டும் இருந்தது.

போரும் புகழும்

1939இல் எழுதிய 'ஆஃப்டர் தி டான்ஸ்' நல்ல விமர்சனம் பெற்றும், போர் நெருங்கிய அந்தக் கோடையில் இரண்டு மாதங்களில் நின்றுபோனது. அதற்குப் பின் ராட்டிகனுக்கு எழுத்து வரவில்லை. அவர் ஆலோசனை கேட்ட மனநல மருத்துவர் படையில் சேரச் சொன்னார். விமானப்படையில் கம்பியில்லாத் தந்தி இயக்குபவராகவும் துப்பாக்கி வீரராகவும் சேர்ந்த அவர் மீண்டும் எழுதத் தொடங்கினார். ஒருமுறை மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பறக்கும்போது விமானம் பழுதாகி, எடையைக் குறைக்கப் பொருள்களை வெளியே எறிய வேண்டியதாயிற்று. அவர் நோட்டுப் புத்தகத்தின் கனமான அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டு எழுதிய தாள்களை மட்டும் வைத்துக்கொண்டார். அது 1942இல் 'ஃபிளேர் பாத்' என்ற நாடகமாக வந்தது. குண்டுவீசப் போகும் விமானிகளுக்காக இரவெல்லாம் காத்திருக்கும் மனைவியரின் கதை அது. மறு ஆண்டு வந்த 'ஒயில் தி சன் ஷைன்ஸ்' மீண்டும் ஆயிரம் காட்சிகளைக் கடந்தது.

1946இல் வந்த 'தி வின்ஸ்லோ பாய்' அவரை வெறும் நகைச்சுவை எழுத்தாளர் என்று சொன்னவர்களின் வாயை அடைத்தது. 1908இல் கடற்படைப் பயிற்சிக் கல்லூரியில் ஐந்து ஷில்லிங் அஞ்சல் ஆணையைத் திருடியதாக நீக்கப்பட்ட ஜார்ஜ் ஆர்ச்சர்-ஷீ என்ற சிறுவனின் உண்மை வழக்கிலிருந்து எடுத்த கதை. அரசாங்கமே எதிர்த்து நிற்க, ஒரு குடும்பம் தன் பணத்தையும் உடல்நலத்தையும் மகளின் திருமணத்தையும் இழந்து மகனின் பெயரை மீட்கிறது. அந்த உண்மை வழக்கில் சிறுவனுக்காக வாதாடியவர் எட்வர்ட் கார்சன். அதே கார்சன்தான் 1895இல் ஆஸ்கர் வைல்டைக் குறுக்கு விசாரணை செய்து வீழ்த்தியவர். நாடகத்தில் வரும் வழக்கறிஞர் சர் ராபர்ட் மார்ட்டன் அவரை அடியொற்றியே படைக்கப்பட்டவர். வைல்டின் வழியில் நடக்கும் ஒருவர், வைல்டை அழித்த வழக்கறிஞரை நீதியின் குரலாக மேடையேற்றினார் என்பது யோசிக்க வைக்கும் செய்தி.

1948இல் வந்த 'தி பிரவுனிங் வெர்ஷன்' ஓரங்க நாடகம். கிரேக்க மொழி ஆசிரியர் குரோக்கர்-ஹாரிஸ் உடல்நலம் கெட்டுப் பள்ளியை விட்டுப் போகிறார். ஓய்வூதியம் இல்லை, மாணவர்களுக்கு அவர்மேல் அன்பு இல்லை, மனைவி சக ஆசிரியரோடு உறவு வைத்திருக்கிறார். அன்று டாப்ளோ என்ற மாணவன் ஒரு பழைய புத்தகத்தை வாங்கி வந்து பரிசளிக்கிறான். பல ஆண்டுகளாக மனத்தை இறுக்கி வைத்திருந்த ஆசிரியர் அந்தச் சிறு அன்பின் முன் உடைந்து அழுகிறார். உணர்ச்சியைப் பூட்டி வைத்து வாழ்வதன் விலை என்ன என்பதை ஒரு மணி நேரத்தில் காட்டும் இந்த நாடகம் 1951இல் திரைப்படமானபோது, ராட்டிகனுக்குக் கான் திரைப்பட விழாவில் திரைக்கதை விருது கிடைத்தது.

ஒரு மரணமும் ஒரு நாடகமும்

கென்னத் மார்கன் ஓர் இளம் நடிகர். 'ஃபிரெஞ்ச் வித்தவுட் டியர்ஸ்' திரைப்படத்தில் நடித்தவர். ராட்டிகனுக்கும் அவருக்கும் பல ஆண்டுகள் காதல் இருந்தது. ஆனால் ராட்டிகனின் வாழ்வில் மார்கனுக்குக் கிடைத்தது மறைவான இடம் மட்டுமே. விருந்துகளில் துணையாக நிற்க முடியாது. ஒரே முகவரியில் வாழ முடியாது. மார்கன் விலகி இன்னொருவரோடு வாழப் போனார். அந்த உறவும் நிலைக்காமல், 1949 பிப்ரவரியில் எரிவாயுவைத் திறந்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். புது நாடகம் ஒன்றின் முன்னோட்டத்துக்காக லிவர்பூலில் இருந்த ராட்டிகனுக்கு அங்கே செய்தி வந்தது. இழந்தது தன் காதலரை என்று சொல்லி வெளிப்படையாகத் துக்கம் காக்கவும் அவரால் முடியாது.

அந்தத் துக்கம் மூன்று ஆண்டுகள் கழித்து 'தி டீப் புளூ சீ' ஆனது. 1952 மார்ச்சில் அரங்கேறிய அந்த நாடகம், எரிவாயு அடுப்பின் முன் மயங்கிக் கிடக்கும் ஹெஸ்டர் காலியரை அண்டை வீட்டார் கண்டுபிடிப்பதில் தொடங்குகிறது. அவர் ஒரு நீதிபதியின் மனைவி. முன்னாள் விமானி ஃபிரெடியைக் காதலித்து, வசதியும் மரியாதையும் துறந்து, வாடகை அறை ஒன்றில் அவனோடு வாழ்கிறார். அவர் நேசிக்கும் அளவுக்குத் திருப்பி நேசிக்க ஃபிரெடியால் முடியவில்லை. அவன் கெட்டவனும் அல்ல. தற்கொலை முயற்சி அன்றைய இங்கிலாந்தில் குற்றம். அந்தச் சட்டம் 1961இல்தான் நீங்கியது. எனவே போலீசுக்குத் தெரிந்தால் ஹெஸ்டர் நீதிமன்றம் ஏற நேரும். காதலுக்காகவும் துன்பத்துக்காகவும் ஒருவர் குற்றவாளி ஆகக்கூடிய நாட்டில்தான் முழுக் கதையும் நடக்கிறது.

ஹெஸ்டரைக் காப்பாற்றுபவர் மேல்மாடியில் குடியிருக்கும் மில்லர். மருத்துவராக இருந்து பதிவு நீக்கப்பட்டு, சிறை சென்று வந்தவர். எந்தக் குற்றத்துக்கு என்று நாடகம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அன்றைய பார்வையாளர்கள் குறிப்பால் புரிந்துகொண்டார்கள். எல்லாம் இழந்த பிறகும் வாழ முடியும், நம்பிக்கை இல்லாமலும் நாளைக் கடத்தலாம் என்று ஹெஸ்டருக்குச் சொல்லும் தகுதி அந்த வீட்டில் அவருக்கு மட்டுமே இருக்கிறது. ஹெஸ்டராக நடித்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் அதே ஜூலியட், பெக்கி ஆஷ்கிராஃப்ட்.

இந்த நாடகத்தின் முதல் வடிவத்தில் காதலர் இருவரும் ஆண்களாக இருந்தார்கள் என்ற பேச்சு நெடுங்காலமாக உண்டு. அப்படி ஒரு பிரதி வெளிவந்ததில்லை. ஹெஸ்டர் ஆணுக்கு இட்ட பெண்வேடம் என்று குறுக்கவும் தேவையில்லை. சமமில்லாத காதலின் துயரம் எல்லோருக்கும் பொது. ராட்டிகன் அதைத் தன் இழப்பிலிருந்து அறிந்தார். பெண்ணின் வாழ்வாக முழுமையாக எழுதினார். ஆங்கில மேடையில் நடிகைகள் மிகவும் விரும்பி ஏற்கும் பாத்திரங்களில் ஒன்றாக ஹெஸ்டர் இன்றும் இருக்கிறார்.

வேட்டைக் காலம்

1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தன்பாலீர்ப்பாளர்கள் மீது காவல்துறையின் நடவடிக்கை கடுமையானது. உள்துறை அமைச்சர் டேவிட் மேக்ஸ்வெல் ஃபைஃப் காலத்தில் வழக்குகள் பெருகின. போரின்போது ஜெர்மானியர்களின் ரகசியக் குறியீட்டை உடைத்த கணித மேதை ஆலன் டூரிங் 1952இல் தண்டிக்கப்பட்டு, ஹார்மோன் சிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டு, 1954இல் இறந்தார். அதே 1954இல் மான்டேகு பிரபு, அவருடைய உறவினர் மைக்கேல் பிட்-ரிவர்ஸ், பத்திரிகையாளர் பீட்டர் வைல்ட்பிளட் ஆகிய மூவரும் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். செய்தித்தாள்கள் ஒவ்வொரு விசாரணையையும் வரிவரியாக அச்சிட்டன.

நாடக உலகை உலுக்கிய நிகழ்ச்சி 1953 அக்டோபரில் நடந்தது. சில மாதங்களுக்கு முன்புதான் சர் பட்டம் பெற்றிருந்த ஜான் கீல்குட், லண்டனின் செல்சி பகுதியில் ஒரு பொதுக் கழிப்பிடத்தில் கைது செய்யப்பட்டு, பத்து பவுண்டு அபராதம் கட்டினார். செய்தி அன்றே பத்திரிகையில் வந்துவிட்டது. வசைக் கடிதங்கள் குவிந்தன. அடுத்த சில நாள்களில் லிவர்பூலில் அவர் மேடையேற வேண்டும். காலெடுத்து வைக்கவே அஞ்சி நின்றவரைச் சக நடிகை சிபில் தார்ன்டைக் கைபிடித்து அழைத்துச் சென்றார். அவையோர் எழுந்து கைதட்டினார்கள். ஊர் தூற்றினாலும் எதிரே இருக்கும் சாதாரண மனிதர்கள் வேறு மாதிரி நடந்துகொள்ளக்கூடும் என்பதற்கு அந்த இரவு சாட்சி.

1954 செப்டம்பரில் ராட்டிகனின் 'செபரேட் டேபிள்ஸ்' வந்தது. கடலோர ஊரான போர்ன்மத்தில் ஒரு தங்கும் விடுதி. தனிமையில் முதுமையைக் கழிப்பவர்கள் தனித்தனி மேசைகளில் உண்கிறார்கள். இரண்டு கதைகளில் இரண்டாவதன் நாயகர் மேஜர் பொல்லாக். அவர் சொல்லிக்கொள்ளும் பதவியும் பள்ளியும் பொய். திரையரங்கின் இருட்டில் பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதற்காக நீதிமன்றம் எச்சரித்த செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில் வருகிறது. திருமதி ரெய்ல்டன்-பெல் என்ற முதியவர் விடுதிக்காரர்களைக் கூட்டி, அவரை வெளியேற்றத் தீர்மானம் கொண்டுவருகிறார். எதிர்க்க மனமிருந்தும் பலர் தயங்கித் தலையாட்டுகிறார்கள். பொது வெறுப்பு எப்படிக் கட்டமைக்கப்படுகிறது என்பதை இந்தக் காட்சி துல்லியமாகக் காட்டுகிறது: ஒருவர் முன்னின்று பேசுகிறார், இரண்டு பேர் ஆமோதிக்கிறார்கள், மற்றவர்கள் தம் மேல் சந்தேகம் விழுந்துவிடக் கூடாது என்று சேர்ந்துகொள்கிறார்கள்.

விடுதியை நடத்தும் மிஸ் கூப்பர், போக வேண்டாம் என்று மேஜரிடம் சொல்கிறார். கடைசிக் காட்சியில் மேஜர் உணவறைக்குள் வந்து தன் மேசையில் உட்காருகிறார். ஒவ்வொருவராக அவரிடம் பேசத் தொடங்குகிறார்கள்: வானிலை, கிரிக்கெட், குதிரைப் பந்தயம் என்று அன்றாடப் பேச்சு. எழுந்து வா என்று திருமதி ரெய்ல்டன்-பெல் கட்டளையிட்டும், வாழ்நாள் முழுக்கத் தாய்க்கு அடங்கியே இருந்த அவருடைய மகள் சிபில் எழ மறுக்கிறாள். பிரசங்கம் எதுவும் இல்லாமல் ஒரு விலக்கிவைத்தல் தோற்றுப்போகிறது.

மேஜரின் குற்றம் எதற்கு மாற்று என்பது லண்டன் பார்வையாளர்களுக்குத் தெரியும் என்று ராட்டிகன் நம்பினார். 1956இல் நாடகம் நியூயார்க் சென்றபோது, தணிக்கை இல்லாத அந்த ஊருக்காக அவர் பகுதிகளை மாற்றி எழுதினார். அதில் மேஜர் நள்ளிரவில் கடற்கரைச் சாலையில் ஆண்களை அணுகியதற்காகப் பிடிபடுகிறார். அமெரிக்கத் தயாரிப்பாளர் தரப்பு அதை ஏற்கவில்லை. லண்டன் பிரதியே மேடையேறியது. 1958இல் வந்த திரைப்படத்தில் மேஜராக நடித்த டேவிட் நிவனுக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. மாற்றி எழுதிய பக்கங்கள் ராட்டிகன் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் அச்சுக்கு வந்தன.

இந்தப் பிரதி மாற்றத்தைப் பற்றி ஒரு நியாயமான கேள்வி எழும். பெண்களைத் தொந்தரவு செய்வதில் பாதிக்கப்பட்ட பெண் இருக்கிறாள். இருவர் மனமொப்பிக் கொள்ளும் உறவில் அப்படி யாரும் இல்லை. ஒன்றை மற்றொன்றின் குறியீடாக வைப்பது இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்திவிடுகிறது. தணிக்கை உண்மையை மறைத்ததோடு நிற்கவில்லை, அதைத் திரித்தும் விட்டது என்பதற்கு இந்த நாடகமே சான்று.

இரண்டாவது எதிர்ப்பு

ராட்டிகன் சந்தித்த அடுத்த பகை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1953இல் தன் நாடகத் தொகுதிக்கு எழுதிய முன்னுரையில் அவர் எட்னா அத்தை என்ற கற்பனைப் பார்வையாளரை அறிமுகம் செய்தார். நடுத்தர வர்க்கத்தைச் சேர்ந்த, ஓய்வு நேரமும் பணமும் உள்ள, புதுமைகளை விரும்பாத நடுவயதுப் பெண்மணி. நாடகக்காரர் இவரை அலட்சியம் செய்யக் கூடாது என்பது ராட்டிகனின் வாதம். விமர்சகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ராட்டிகன் என்றாலே எட்னா அத்தைக்கு எழுதுபவர் என்றாகிவிட்டது.

1956 மே 8 அன்று ராயல் கோர்ட் அரங்கில் ஜான் ஆஸ்பர்னின் 'லுக் பேக் இன் ஆங்கர்' அரங்கேறியது. கோபமும் உழைக்கும் வர்க்கக் குரலும் கொண்ட புதிய தலைமுறை மேடைக்கு வந்தது. முதல் நாள் காட்சிக்கு வந்திருந்த ராட்டிகன், நான் ராட்டிகனைப்போல எழுதுபவன் அல்ல பாருங்கள் என்று அந்த எழுத்தாளர் சொல்வதாகத் தோன்றுகிறது என்று செய்தியாளரிடம் கசந்து சொன்னார். கென்னத் டைனன் போன்ற செல்வாக்குள்ள விமர்சகர்கள் புதியவர்கள் பக்கம் நின்றார்கள். சில ஆண்டுகளில் ராட்டிகன் பழைய உலகத்தின் அடையாளமாக ஆக்கப்பட்டார்.

1958இல் அவர் எழுதிய 'வேரியேஷன் ஆன் எ தீம்' தோல்வி அடைந்தது. இயக்கியவர் கீல்குட். மான்செஸ்டரில் அதைப் பார்த்த 19 வயது ஷீலா டெலனி, இதைவிட நன்றாகத் தன்னால் எழுத முடியும் என்று சொல்லி எழுதியதே 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி'. அதில் தன்பாலீர்ப்பு கொண்ட இளைஞன் ஜெஃப்ரி வேடமில்லாமல், நல்ல மனிதனாக, கதையின் நடுவே நின்றான். அந்த ஆண்டின் இறுதியில் தணிக்கை அலுவலகமும் பிடியைச் சற்றுத் தளர்த்தியது: தீவிரமான நாடகங்களில் மட்டும் இந்தப் பொருளைத் தொடலாம்; ஆண்கள் தழுவிக்கொள்ளும் காட்சி கூடாது; ஆதரவாக வாதாடவும் கூடாது.

ஆக, சட்டத்துக்கு அஞ்சி மறைத்து எழுதிய மனிதர், கதவு திறக்கத் தொடங்கிய நேரத்தில், மறைத்து எழுதுகிறார் என்பதற்காகவே ஒதுக்கப்பட்டார். முதல் பகை அவர் யார் என்பதால் வந்தது. இரண்டாவது, முதல் பகை அவரிடம் விட்டுச்சென்ற பழக்கத்தால் வந்தது. சொல்லாமல் விடுவதைப் புதிய விமர்சகர்கள் கோழைத்தனம் என்று படித்தார்கள். அதில் எவ்வளவு சொல்லப்பட்டிருந்தது என்பதை அவர்கள் கேட்கவில்லை.

கடைசி ஆண்டுகள்

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1960இல் வந்த 'ராஸ்', அரேபியப் பாலைவனப் போரில் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸின் கதை. வீரனாகக் கொண்டாடப்பட்டவன், எதிரிகளிடம் பிடிபட்டுப் பாலியல் வன்முறைக்கு உள்ளாகி, தன்னைத் தானே அறிந்து உடைவதை அது பேசியது. அலெக் கின்னஸ் நடித்த அந்த நாடகம் நன்றாக ஓடியது. 1963இல் வந்த 'மேன் அண்ட் பாய்' தன் கம்பெனியைக் காப்பாற்ற, தன்பாலீர்ப்பு கொண்ட இன்னொரு முதலாளிக்குச் சொந்த மகனையே தூண்டிலாகக் காட்டும் ஒரு நிதி முதலையின் கதை. அதை அன்று யாரும் விரும்பவில்லை. திரைக்கதை எழுதிப் பெரும் பணம் ஈட்டிய ராட்டிகன் நாட்டை விட்டு விலகி, பெர்முடா தீவில் குடியேறினார்.

அந்த இடைவெளியில் இங்கிலாந்து மாறியது. அரசு 1954இல் அமைத்த வுல்ஃபென்டன் குழு, 21 வயது நிறைந்த ஆண்கள் தனிமையில் மனமொப்பிக் கொள்ளும் உறவைக் குற்றமாகக் கருதக் கூடாது என்று 1957இல் பரிந்துரைத்தது. பத்து ஆண்டுகள் இழுபறிக்குப் பின் 1967இல் அது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டமானது. மறு ஆண்டு நாடகத் தணிக்கை ஒழிந்தது. இரண்டு விலங்குகளும் கழன்றபோது ராட்டிகனுக்கு வயது 57. 1971இல் சர் பட்டம் கிடைத்தது. புதிய சுதந்திரத்தைக் கொண்டு தன்னைப் பற்றி வெளிப்படையான நாடகம் எதையும் அவர் எழுதவில்லை. அரை நூற்றாண்டுப் பழக்கம் சட்டத் திருத்தத்தோடு போய்விடுவதில்லை.

அவருடைய கடைசி நாடகம் 'காஸ் செலப்ர்' 1977 ஜூலையில் லண்டனில் அரங்கேறியது. 1935இல் நடந்த உண்மைக் கொலை வழக்கு அதன் கரு. முதிய கணவரின் கொலையில் ஆல்மா ராட்டன்பரியும், அவருடைய இளம் காதலனான வீட்டு ஓட்டுநரும் குற்றம் சாட்டப்பட்டார்கள். தன்னைவிட மிக இளையவனைக் காதலித்தார் என்பதற்காகவே ஆல்மாவை ஊர் வெறுத்தது. நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. சில நாள்களில் அவர் தற்கொலை செய்துகொண்டார். சட்டம் விடுவித்தவரையும் பொது வெறுப்பு விடுவதில்லை என்பதை ராட்டிகன் தன் கடைசிச் சொல்லாக எழுதினார். எலும்புப் புற்றுநோயோடு மருத்துவமனையிலிருந்து வந்து அரங்கேற்றத்தைப் பார்த்தார். 1977 நவம்பர் 30 அன்று, தமது 66ஆம் வயதில், பெர்முடாவில் காலமானார்.

மீண்டு வந்த நாடகங்கள்

அவர் இறந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் மதிப்பீடு மாறத் தொடங்கியது. 1993இல் லண்டன் அல்மெய்டா அரங்கில் கேரல் ரைஸ் இயக்கிய 'தி டீப் புளூ சீ' அதில் பெரிய திருப்பம். 2010இல் தேசிய நாடக அரங்கம், 1939இல் அற்ப ஆயுளில் முடிந்த 'ஆஃப்டர் தி டான்ஸ்' நாடகத்தை மறுபடி போட்டது. பெனடிக்ட் கம்பர்பேட்ச் நடித்த அந்தத் தயாரிப்பு சிறந்த மறு அரங்கேற்றத்துக்கான ஒலிவியர் விருது பெற்றது. நூற்றாண்டான 2011இல் இங்கிலாந்து முழுக்க அவருடைய நாடகங்கள் நடந்தன. அதே ஆண்டு டெரன்ஸ் டேவிஸ் 'தி டீப் புளூ சீ'யை ரேச்சல் வைஸ் நடிப்பில் திரைப்படமாக்கினார். மறைப்பு என்று முன்பு இகழப்பட்ட அதே அடக்கத்தைப் புதிய தலைமுறை கலை என்று படித்தது. வசனத்துக்கு அடியில் ஓடும் பேசாத பேச்சைக் கேட்கப் பழகிய நடிகர்களுக்கு இவர் பிரதிகள் சுரங்கமாக இருந்தன.

ராட்டிகனை ஒடுக்கிய சட்டத்தின் பிரிட்டிஷ் மரபு இந்தியாவுக்கும் வந்தது. 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு அந்த மரபின் கிளை. பெரியவர்கள் மனமொப்பிக் கொள்ளும் உறவை அதிலிருந்து உச்ச நீதிமன்றம் விலக்கியது 2018 செப்டம்பர் 6 அன்றுதான். இங்கிலாந்து சட்டம் மாறி 51 ஆண்டுகள் கழித்து. சட்டம் போன பிறகும் வீடு, தெரு, அலுவலகம், பத்திரிகை ஆகிய இடங்களில் வெறுப்பு தங்கிவிடுவதை இங்குள்ளவர்களும் அறிவார்கள்.

அந்த இடங்கள்தாம் ராட்டிகனின் மேடை. அவர் போராட்டக்காரர் அல்ல. கொடி பிடித்தவர் அல்ல. தன் பெயரைப் பணயம் வைத்தவரும் அல்ல. ஆனால் ஊர் ஒருவரை ஒதுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியை அவரைப்போல விடாமல் கேட்ட ஆங்கில நாடகக்காரர் அரிது. மில்லர் மாடியிலிருந்து இறங்கி வருகிறார். டாப்ளோ ஒரு புத்தகம் தருகிறான். சிபில் எழ மறுக்கிறாள். இவை எவருக்கும் கைக்கெட்டிய செயல்கள். வெறுப்பு கூட்டமாக வந்தாலும் அதை முறிக்க ஒருவர் துணிந்தால் போதும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை அறிவுரையாக அன்றி நிகழ்ச்சியாக மேடையில் காட்டியதே அவர் நாடகங்களின் வலிமை.